நம்பிக்கைக்குரியவர்

ஆர்மீனியா தேசத்தின் தலைநகரான யெரெவானில் வழி தவறிப்போன ஒருவர், தெருமுனையில் சீருடை தரித்து நிற்கும் போலீஸ்காரரை அணுகி வழி கேட்பார். அந்தப் போலீஸ்காரருக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் 'ஒஸ்திகான்' என்பது. உச்சரிக்கும்போது முன்னால் ஒரு வகரம் ஒட்டிக்கொண்டு 'வொஸ்திகான்' என்று ஒலிக்கும். 'ஒன்று' என்பதை நம் வீட்டுக் குழந்தைகள் 'வொண்ணு' என்று சொல்லவில்லையா? அதைப் போலத்தான் இதுவும்.

இன்றைக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதே பெயரைக் கேட்டால் ஆர்மீனியக் குடியானவனுக்கு வேறொரு மனிதர் ஞாபகத்துக்கு வருவார். அவர் தெருமுனையில் நிற்கமாட்டார், கோட்டைக்குள் இருப்பார். தேசம் முழுவதும் அவர் ஆணைக்கு உட்பட்டது. படை அவருடையது. வரியும் அவருடையது. கலீபாவின் பிரதிநிதியாக அனுப்பப்பட்ட மாகாணாதிபதி அவர். அவருக்கும் 'ஒஸ்திகான்' என்றுதான் பெயர்.

இன்னும் சில நூற்றாண்டுகள் பின்னுக்குப் போனாலோ, அச்சொல்லின் உள்ளே பதவியைக் காணோம். ஒரு குணந்தான் இருக்கிறது. 'உறுதியானவன், நம்பத் தகுந்தவன்' என்பதே அதன் மூலப் பொருள். குணம் பதவியாகி, பதவி சீருடையாகி வந்த இந்த யாத்திரையைத்தான் இவ்வாரம் நாம் தொடர்ந்து செல்லப் போகிறோம். நம்பத் தகுந்தவன் என்றவுடனே, 'யாருடைய நம்பிக்கைக்கு?' என்ற கேள்வி எழுகிறதல்லவா? அந்தக் கேள்விக்கு ஆர்மீனியர்கள் மிகுந்த விலை கொடுத்து விடை தெரிந்துகொண்டார்கள்.

ஆர்மீனியர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். சென்னை ஜார்ஜ் டவுனில் 'அரண்மனைக்காரத் தெரு' என்று ஒன்று உண்டு. அங்கே எந்த அரண்மனை இருந்தது என்று தேடிக் களைத்தவர்கள் உண்டு. ஆர்மீனிய வர்த்தகர்கள் குடியிருந்த தெரு அது. 'ஆர்மீனியன்' என்ற பெயர் நம்மவர் நாவில் புரண்டு 'அரண்மனைக்காரன்' ஆகிவிட்டது. அவர்கள் கட்டிய மாதா கோயில் இன்றும் அத்தெருவில் இருக்கிறது. அந்தத் தெருவுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பி வருவோம். இப்போது அவர்களுடைய தேசத்துக்குப் போகலாம்.

அவர்கள் தங்களை 'ஹய்' என்றும், தங்கள் நாட்டை 'ஹயஸ்தான்' என்றும் கூறிக்கொள்வார்கள். கடைசியில் உள்ள 'ஸ்தான்' நமக்குத் தெரிந்த பொருள்தான். ஹிந்துஸ்தானத்தில் உள்ள ஸ்தானமே அது. பழைய ஈரானிய பாஷைகளிலிருந்து அந்தச் சொல் ஆர்மீனியத்துக்கு வந்து சேர்ந்தது. இதுபோல ஈரானியச் சொற்கள் ஆர்மீனியத்தில் நூற்றுக்கணக்காகக் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் மிகுதியைக் கண்டு மயங்கிய ஐரோப்பியப் பண்டிதர்கள், ஆர்மீனியத்தையே ஈரானிய பாஷைகளில் ஒன்று என்று வெகு காலம் எண்ணியிருந்தார்கள். 1875-இல் ஹைன்ரிஹ் ஹூப்ஷ்மன் என்ற ஜெர்மானிய அறிஞர்தான் கடன் வாங்கிய சொற்களையெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்து, மிஞ்சியவற்றை ஆராய்ந்து, அது இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் தனிக் கிளை என்று நிலைநாட்டினார். வீட்டில் இரவல் பாத்திரங்கள் நிறைந்திருப்பதால் வீட்டுக்காரரே அடுத்த வீட்டுக்காரராகி விடுவாரா?

இரவல் வாங்கியதற்குக் காரணம் இல்லாமற் போகவில்லை. ஈரானை ஆண்ட பார்த்திய அரச வம்சத்தின் கிளையொன்று கி.பி. முதல் நூற்றாண்டில் ஆர்மீனியச் சிம்மாசனத்தில் ஏறியது. 66-ஆம் ஆண்டில் அக்கிளையைச் சேர்ந்த திரிதாத் என்பவர் ரோமாபுரிக்கே சென்று நீரோ சக்ரவர்த்தியின் கையால் முடி சூட்டிக்கொண்டார். 428 வரையில் அவ்வம்சத்தின் பெயரால் அரசு நடந்தது. ஆகவே அரசாங்கத்தோடும் சேனையோடும் சம்பந்தப்பட்ட வார்த்தைகள் பெரும்பாலும் ஈரானியமாகவே அமைந்துவிட்டன.

அவற்றுள் சிலவற்றைக் கேட்டால் நேயர்களுக்கு வியப்பாக இருக்கும். சேனாதிபதிக்கு அவர்கள் 'ஸ்பராபெத்' என்பார்கள். முன்பாதி, சேனையைக் குறிக்கும் பழைய ஈரானியச் சொல். பாரசீகத்தில் அதுவே 'சிபாஹ்' என்றாகி, அதிலிருந்து பிறந்த 'சிபாஹி' நம் ஊரில் 'சிப்பாய்' ஆயிற்று. பின்பாதியில் உள்ள 'பெத்', நம்முடைய 'பதி'. 'ஹஸாரபெத்' என்றால் ஆயிரவர் தலைவன். ஹிந்துஸ்தானியில் 'ஹஜார்' என்று எண்ணுகிறவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. பரம்பரைப் பிரபுக்களுக்கு 'நஹரார்' என்று பெயர். 'முதலிடத்தை உடையவர்' என்பது அதன் பொருள். 'நஹ்வதார்' என்ற பார்த்தியச் சொல் தேய்ந்து அவ்வாறு ஆயிற்று. தாசில்தாரிலும் ஜமீன்தாரிலும் உள்ள 'தார்' அங்கே ஒளிந்திருக்கிறது. 'ஹ்ரமான்' என்றால் கட்டளை. மொகலாய பாதுஷாக்கள் பிறப்பித்த 'பர்மான்' அதுவே. நம் 'பிரமாண'மும் அதற்கு உடன்பிறப்பு.

428-இல் ஆர்மீனிய அரசு மறைந்தபின் பாரசீகச் சக்ரவர்த்திகள் தங்கள் பிரதிநிதியாக ஓர் அதிகாரியை நியமித்தார்கள். அவருக்கு 'மர்ஸ்பான்' என்று பெயர். 'மர்ஸ்' என்றால் எல்லைப்புறம். 'பான்' என்றால் காப்பவன். வாயில் காக்கும் 'தர்பான்', தோட்டம் காக்கும் 'பாக்பான்' என்ற சொற்களில் உள்ளது அது. எல்லை காப்பவன் என்ற அழகான பெயர்தான். ஆனால் அந்தப் பெயரைச் சுமந்த மனிதரின் கதி எப்படி இருந்தது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை.

ஆர்மீனியர் கிறிஸ்துவ மதத்தைக் கைவிட்டு ஜரதுஷ்டிர மதத்தைத் தழுவ வேண்டும் என்று பாரசீக மன்னர் இரண்டாம் யஸ்தெகெர்த் உத்தரவிட்டபோது, வர்தான் மாமிகொனியன் என்ற ஸ்பராபெத்தின் தலைமையில் மக்கள் எதிர்த்து நின்றார்கள். 451-ஆம் ஆண்டில் அவராயிர் வெளியில் போர் மூண்டது. வர்தான் வீழ்ந்தார். அச்சமயம் மர்ஸ்பானாக இருந்த வாசாக் என்ற பிரபு, ஆர்மீனியராகப் பிறந்தும் அவர்களோடு நிற்கவில்லை. பாரசீகர் பக்கம் போய்விட்டார். அந்நாட்டுச் சரித்திராசிரியர்கள் அவருக்குத் துரோகி என்றே பட்டம் சூட்டியிருக்கிறார்கள். பாரசீக மன்னராவது அவரைக் கொண்டாடினாரா என்றால், அதுவும் இல்லை. விசாரணை நடத்திச் சிறையில் அடைத்தார். வாசாக் அங்கேயே மாண்டார். அனுப்பியவரின் நம்பிக்கையும் போயிற்று, பிறந்தவரின் நம்பிக்கையும் போயிற்று.

இதற்கு நேர் எதிரான காட்சியும் உண்டு. வர்தானின் உடன்பிறந்தாரின் மகனான வாஹான் மீண்டும் கிளர்ச்சி செய்து, 484-இல் பாரசீகரோடு கௌரவமான உடன்படிக்கை செய்துகொண்டார். அடுத்த ஆண்டு அவரையே மர்ஸ்பானாக நியமித்தார்கள். பெயர் மாறவில்லை, பதவியும் மாறவில்லை. ஆயினும் அதில் அமர்ந்தவர் நாட்டாரின் நம்பிக்கைக்குப் பாத்திரமானவர். ஒரே நாற்காலி இருவிதமாக விளங்க முடியும் என்பதற்கு இவ்விருவரும் சாட்சி.

இனி நம் சொல்லுக்கு வருவோம்.

'ஒஸ்திகான்' என்ற சொல் ஐந்தாம் நூற்றாண்டு முதற்கொண்டே ஆர்மீனிய எழுத்தில் காணப்படுகிறது. மெஸ்ரோப் மஷ்தோத்ஸ் என்ற மகான் 405-ஆம் ஆண்டு அளவில் அந்த பாஷைக்கு எழுத்துக்களை வகுத்துக் கொடுத்தார் என்பதை நினைத்தால், எழுத்துத் தோன்றிய நூற்றாண்டிலேயே அதுவும் ஏட்டில் ஏறிவிட்டது என்று சொல்லவேண்டும். அக்காலத்தில் அதன் பொருள் நம்பகமான காரியஸ்தன், மேற்பார்வை பார்ப்பவன் என்ற அளவில்தான். நடு ஈரானிய பாஷையில் 'ஓஸ்தீகான்' என்றால் உறுதியான, நிலைபெற்ற என்று அர்த்தம். அதன் நெருங்கிய உறவினர் ஒருவர் இன்றும் பாரசீகத்தில் உயிரோடிருக்கிறார்: 'உஸ்துவார்' என்பது. திடமான, அசையாத என்று பொருள்.

இந்தக் குடும்பத்தின் மூதாதை 'ஸ்தா' என்னும் வேர். நிற்றல் என்பது அதன் கருத்து. நம் வீட்டில் இவ்வேரின் சந்ததிகள் எத்தனை! ஸ்தலம், ஸ்திரம், ஸ்தாபனம், ஆஸ்தானம் எல்லாம் இதன் வழிவந்தவை. நிற்பதிலிருந்து நம்பிக்கை எப்படி வந்தது என்று கேட்க வேண்டியதில்லை. 'சொன்ன சொல்லில் நிற்பவன்' என்று தமிழிலும் சொல்கிறோமே, அதே மனோபாவந்தான். இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நம்முடைய 'அவஸ்தை'யும் 'ஸ்தா'வின் பிள்ளைதான். ஒஸ்திகான்களின் ஆட்சியில் குடிகள் பட்டது என்ன என்பதைப் பார்க்கும்போது, இந்த உறவு வெறும் இலக்கண உறவோடு நிற்கவில்லையோ என்று தோன்றுகிறது.

அராபியர் ஆர்மீனியாவுக்குள் முதன்முதல் புகுந்தது 640-இல். துவின் என்னும் தலைநகரை அவ்வாண்டில் பிடித்தார்கள். சில காலம் உடன்படிக்கையின் பேரில் நாட்டார் தம் பிரபுக்களின் கீழேயே இருந்தார்கள். கி.பி. 700-ஐ ஒட்டித்தான் நாடு ஒரு மாகாணமாக்கப்பட்டது. 'அர்மீனிய்யா' என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஆர்மீனியாவோடு கிழக்கு ஜார்ஜியாவும், காஸ்பியன் கடலை நோக்கிய ஆரான் பிரதேசமும் அதில் அடங்கும். டமாஸ்கஸிலிருந்தும் பின்பு பாக்தாதிலிருந்தும் மாகாணாதிபதிகள் வந்தார்கள். அவர்கள் சாமானியர்கள் அல்லர். 732 முதல் 744 வரை அங்கே ஆட்சி செய்த மர்வான் என்பவர் பின்பு கலீபாவே ஆனார். பாக்தாத் நகரை 762-இல் நிறுவிய மன்ஸூர் கலீபாவும் பட்டத்துக்கு வருமுன் அம்மாகாணத்தின் பொறுப்பை வகித்தவர்.

அராபியர் தம் பாஷையில் இவ்வதிகாரிகளை 'வாலி' என்றோ 'ஆமில்' என்றோ குறிப்பிட்டார்கள். காரியத்தை நடத்துபவன் என்பது 'ஆமில்' என்பதன் பொருள். மைசூர் சீமையில் இருந்த 'அமுல்தார்', நாம் தினந்தோறும் சொல்லும் 'சட்டம் அமுலுக்கு வந்தது' என்ற வார்த்தை, இரண்டும் அந்த அரபு வேரிலிருந்தே வந்தவை. ஆனால் ஆர்மீனியர் அந்த அரபுச் சொல்லை ஏற்றுக்கொள்ளவில்லை. அந்நியரான அதிகாரிக்குத் தம்மிடம் ஏற்கெனவே இருந்த, வேறோர் அந்நியரிடமிருந்து வாங்கிய, பழைய பெயரையே எடுத்துச் சூட்டினார்கள். கலீபாவின் நம்பிக்கைக்குரிய மனிதர் அவர்; ஆகவே 'ஒஸ்திகான்'.

இந்தப் பெயர் அவ்வளவு பரவியதற்கு ஒரே ஆசிரியர் முக்கிய காரணம். அவரைப் பற்றிச் சொல்லுமுன், அவர் காலம் வரையில் நடந்ததைச் சுருக்கமாகவேனும் கூறவேண்டும்.

705-ஆம் ஆண்டில், கிளர்ச்சியை அடக்க வந்த அராபிய அதிகாரிகள் ஆர்மீனியப் பிரபுக்களையும் அவர்களுடைய குதிரைப் படையினரையும் நஹிச்செவான், ஹ்ராம் என்ற இரண்டு ஊர்களுக்கு வரவழைத்தார்கள். வந்தவர்களை மாதா கோயில்களுக்குள் அடைத்து நெருப்பு வைத்தார்கள். எட்டாம் நூற்றாண்டின் கெவோந்த் என்ற குரு இதை எழுதி வைத்திருக்கிறார். வரிச்சுமை பொறுக்காமல் மீண்டும் ஒரு பெருங்கிளர்ச்சி எழுந்தது; 775-இல் பக்ரேவந்த் போர்க்களத்தில் அது முறியடிக்கப்பட்டு, பழம்பெரும் பிரபுக் குடும்பங்கள் சில அத்தோடு அழிந்தன.

இவ்விதம் சொல்வதால் அக்காலம் முழுவதும் இருள் என்று நேயர்கள் எண்ணவேண்டாம். துவின் நகரம் அதே காலத்தில் பெரிய வர்த்தக ஸ்தலமாக விளங்கியது. அங்கே நெய்த துணிகளை அராபியப் பூகோள ஆசிரியர்கள் புகழ்கிறார்கள். அராரத் மலையடிவாரத்துச் சமவெளியில் கிடைக்கும் ஒரு சிறு பூச்சியிலிருந்து எடுத்த செஞ்சாயம் தேசாந்தரமெல்லாம் போயிற்று. அராபியர் அச்சாயத்தைக் 'கிர்மிஸ்' என்றார்கள். அதற்கு மூலம், நம்முடைய 'கிருமி'! சாம்ராஜ்யங்கள் வாளால் வருகின்றன, வரியால் வாழ்கின்றன, ஆனால் கடைவீதியையும் திறந்துவைக்கின்றன. மூன்றையும் சேர்த்தே எழுதுவதுதான் சரித்திரம்.

இனி அந்த ஆசிரியர். அவர் பெயர் ஹோவ்ஹன்னேஸ். த்ரஸ்ஹானகெர்த் என்ற ஊரினர். ஒன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஆர்மீனியத் திருச்சபையின் தலைமைக் குருவானார். 'கதோலிகோஸ்' என்பது அப்பதவியின் பெயர். மடத்து அறையில் அமர்ந்து பழங்கதை எழுதியவர் அல்லர் அவர். அரசர்களுக்கு ஆலோசகராகவும் தூதராகவும் இருந்து, தாம் கண்ணால் கண்டதையும் உடம்பால் அனுபவித்ததையும் எழுதினார். அவருடைய 'ஆர்மீனியர் சரித்திரம்' என்ற நூலில்தான் 'ஒஸ்திகான்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது.

வேடிக்கை என்னவென்றால், அவர் அதற்கு ஒரு திட்டமான எல்லை வகுக்கவில்லை. மாகாணாதிபதியையும் அப்படி அழைக்கிறார். வேறு சில உத்தியோகஸ்தர்களையும் அப்படி அழைக்கிறார். ஓரிடத்தில் கலீபாவையே அப்பெயரால் குறிப்பிடுகிறார். பிற்காலத்துச் சரித்திர ஆராய்ச்சியாளர்கள்தான் இந்தக் குழப்பத்தை நீக்கி, அராபிய மாகாணாதிபதி ஒருவருக்கு மட்டுமே உரிய பெயராக அதை நிலைப்படுத்தினார்கள். குருவின் கண்ணுக்கு அவ்வளவு வித்தியாசம் தெரியவில்லை போலும். மேலிருந்து வந்து இறங்குகிற அதிகாரம் எல்லாம் அவருக்கு ஒன்றுதான்.

அவர் காலத்தில் ஆர்மீனியா ஒருவாறு தலை நிமிர்ந்திருந்தது. பக்ரதூனி வம்சத்தைச் சேர்ந்த அஷோத் என்பவருக்கு 884-ஐ ஒட்டிக் கலீபாவே கிரீடம் அனுப்பியிருந்தார். அவர் மகன் முதலாம் ஸ்ம்பாத் 890 முதல் ஆண்டார். மறுபுறத்தில், அஸர்பைஜான் பிரதேசத்தில் ஸாஜ் குடும்பத்தார் ஒஸ்திகான்களாக அமர்ந்து வலுத்துவந்தார்கள். அவர்களில் யூஸுப் என்பவர் கொடுத்த தொந்தரவு அளவிறந்தது. ஸ்ம்பாத்தின் பலத்தைக் குலைப்பதற்காக அவர் செய்த தந்திரத்தைப் பாருங்கள். வான் ஏரியைச் சுற்றியிருந்த வாஸ்புரகான் பகுதியின் பிரபுவான காகிக் என்பவருக்கு 908-இல் தனியாக ஒரு கிரீடம் கொடுத்து, 'நீயும் அரசன்' என்றார். ஒரு நாட்டுக்கு இரண்டு அரசர்கள் ஆனார்கள். மேற்கொண்டு அவர் செய்ய வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

ஸ்ம்பாத் மன்னர் சமாதானத்தை நாடி, வெகுமதிகளுடன் தூது அனுப்பினார். தூது சென்றவர் நமது கதோலிகோஸ்தான். யூஸுப் வெகுமதிகளைப் பெற்றுக்கொண்டு, தூதரைச் சிறையில் இட்டார். தலைமைக் குரு, வயது முதிர்ந்தவர், சமாதானப் பேச்சுக்கு வந்தவர் என்ற எண்ணமெல்லாம் அங்கே எடுபடவில்லை. சில காலம் விலங்கோடும் துன்பத்தோடும் கிடந்து, பிணைப்பணம் கொடுத்த பிறகே அவர் மீண்டார்.

மன்னரின் முடிவு இன்னும் பரிதாபகரமானது. நாடு மேலும் பாழாவதைச் சகியாமல் ஸ்ம்பாத் தாமே சரணடைந்தார். அரச குடும்பத்துப் பெண்கள் அடைக்கலம் புகுந்திருந்த எர்ன்ஜாக் கோட்டையை யூஸுப் முற்றுகையிட்டார். அதன் வாசலுக்கு முன்னால் மன்னரைக் கொண்டு நிறுத்திச் சித்திரவதை செய்தார். உள்ளே இருப்பவர்கள் கண்டு மனம் கலங்கிக் கதவைத் திறக்கட்டும் என்று. 914-இல் ஸ்ம்பாத் கொல்லப்பட்டார். உடலைத் துவினுக்கு எடுத்துச் சென்று மரத்தில் அறைந்து வைத்தார்கள்.

இவற்றையெல்லாம் எழுதுகிற கதோலிகோஸ், தம்மைச் சிறையில் இட்டவனை, தம் அரசரைக் கொன்றவனை, 'நம்பிக்கைக்குரியவர்' என்ற பொருளுள்ள சொல்லால் குறிப்பிட்டுக்கொண்டே போகிறார். கேலியாக எழுதினாரா? அப்படி நினைக்க நமக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவ்விதம் இராது என்பதே நம் அபிப்பிராயம். அன்றாடம் புழங்கும் பதவிப் பெயரின் உட்பொருளை யாரும் கவனிப்பதில்லை. 'கலெக்டர்' என்று நாம் சொல்லும்போது, 'வசூல் செய்கிறவர்' என்று மனத்தில் எண்ணுகிறோமா? ஒரு ஜில்லாவை ஆளும் மனிதருக்குக் கம்பெனியார் எதற்காக அந்தப் பெயரை வைத்தார்கள் என்பது பெயரிலேயே எழுதி ஒட்டியிருந்தும், நாம் படிப்பதில்லை. கதோலிகோஸின் காதிலும் 'ஒஸ்திகான்' என்பது வெறும் பதவியாகவே ஒலித்திருக்கும். எழுதியவர் மறந்துவிட்ட பொருளை, வார்த்தை மறக்காமல் வைத்திருந்தது. அது சொன்ன உண்மை, அவர் ஆட்சியாளரின் ஆள் என்பதுதான். ஆளப்படுகிறவர்களுக்கும் அந்த நம்பிக்கைக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை.

ஆட்சியாளருக்கு மட்டும் அது பலித்ததா? அதையும் பார்த்துவிடுவோம். யூஸுப் கலீபாவுக்கு அனுப்பவேண்டிய திரவியத்தை நிறுத்திவைத்து, கலீபாவை எதிர்த்தே கிளம்பினார். பாக்தாத் சேனாதிபதி மூனிஸ் என்பவர் 919-இல் அவரைப் பிடித்துக்கொண்டுபோய்ச் சிறையில் அடைத்தார். மூன்று ஆண்டுக்குப் பிறகு கலீபா அவரை விடுவித்து மறுபடியும் மாகாணத்தைக் கொடுத்தார்! வேறு நம்பத் தகுந்தவர் கிடைக்கவில்லை போலும்.

கதோலிகோஸ் ஹோவ்ஹன்னேஸ் துவினில் நிலைத்திருக்க முடியாமல் இடம் இடமாக அலைந்து, கடைசியில் வாஸ்புரகானில், அதே காகிக் மன்னரின் ஆதரவில், தம் சரித்திரத்தை எழுதி முடித்துக் கண் மூடினார். ஒஸ்திகான் கொடுத்த கிரீடத்தைத் தரித்த அரசரின் நிழலில், ஒஸ்திகான்களின் கதையை எழுதும்படி ஆயிற்று.

இப்போது அரண்மனைக்காரத் தெருவுக்குத் திரும்பலாம். எண்ணூறு ஆண்டுகளுக்குமேல் கழிந்துவிட்டன. ஆர்மீனியாவைத் துருக்கியரும் பாரசீகரும் பங்கிட்டுக்கொண்டிருந்தார்கள். சென்னையில் வர்த்தகம் செய்துவந்த ஷாஹமிர் ஷாஹமிரியன் என்ற ஆர்மீனியர் சொந்தமாக ஓர் அச்சுக்கூடம் நிறுவினார். அதில் ஒரு நூல் வெளிவந்தது. 'வொரோகாய்த் பராத்ஸ்' என்பது அதன் பெயர். 'பெருமையின் கண்ணி' என்று தமிழில் சொல்லலாம். புகழாசை பிடித்தவர்களைச் சிக்கவைக்கும் கண்ணி என்று அர்த்தம். முகப்பில் 1773 என்று அச்சிட்டிருந்தாலும், வேலை முடிவடைந்தது சில ஆண்டுகள் கழித்துத்தான் என்பது ஆராய்ச்சியாளர் கருத்து. அதன் உள்ளே இருப்பது, விடுதலை பெற்ற ஆர்மீனியா எப்படி ஆளப்படவேண்டும் என்று வகுத்த 500-க்கு மேற்பட்ட விதிகள். மக்கள் தேர்ந்தெடுத்த சபை ஒன்று இருக்கவேண்டும். ஆள்பவர் சட்டத்துக்கு உட்பட்டவராக இருக்கவேண்டும் என்பது அவற்றின் சாரம். அப்போது சுதந்திர ஆர்மீனியா பூமியில் எங்கும் இல்லை. பிரெஞ்சுப் புரட்சி மூளுமுன்பே, பூமியில் இல்லாத நாட்டுக்கு, சென்னைக் கடற்கரைக்கு அருகில் அரசியல் சட்டம் எழுதி அச்சிட்டார்கள். 1794-இல், ஹருத்யுன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியார் இதே சென்னையிலிருந்து 'அஸ்தரார்' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். உலகத்தில் ஆர்மீனிய பாஷையில் வெளிவந்த முதற் பத்திரிகை அதுவே.

ஒஸ்திகான்களின் கீழ் தலைமுறை தலைமுறையாக இருந்த ஜாதிக்கு, ஆள்பவனிடம் இருக்கவேண்டியது யாருடைய நம்பிக்கை என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

சொல்லின் பிற்காலத்தையும் கூறவேண்டும். கலீபாக்கள் போனார்கள், ஒஸ்திகான்களும் போனார்கள். சொல் மட்டும் ஏட்டில் தங்கியிருந்தது. நவீன ஆர்மீனியத்தில் போலீஸுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது அதை எடுத்து உபயோகித்தார்கள். சோவியத் ஆட்சியில் 'மிலிஷியா' என்ற பெயர் வந்து அதை ஒதுக்கிவைத்தது. 1991-இல் ஆர்மீனியா சுதந்திரம் அடைந்த பின்னர் 'ஒஸ்திகானுத்யுன்' என்று பழைய பெயரே போலீஸ் இலாகாவுக்குத் திரும்பிவந்தது. அடுத்த நாடான ஈரானிலோ, அதன் தாயாதியான 'உஸ்துவார்' படையில் ஓர் அதிகாரிக்குப் பதவிப் பெயராக இருக்கிறது. ஒரே வேரில் பிறந்த இருவரும், எல்லைக்கு இருபுறமும், சீருடைதான் தரித்திருக்கிறார்கள்.

இந்த வம்சாவளிகளையெல்லாம் தேடித் தொகுத்தவர் ஹ்ராச்யா அச்சாரியன் என்ற பேரறிஞர். ஹூப்ஷ்மனிடம் பாடம் கேட்டவர். ஆர்மீனிய வேர்ச்சொல் அகராதியை 1926 முதல் யெரெவானில் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். எழுதியதை அப்படியே பிரதி எடுக்கும் முறையில் அது வெளிவந்தது. 1937-இல் அவரை ஒற்றர் என்று குற்றம் சாட்டிச் சிறையில் இட்டார்கள். 1939 முடிவில்தான் வெளியே வந்தார். சொற்களைத் தவிர வேறெதையும் அவர் வேவு பார்த்ததாகத் தெரியவில்லை.

பழைய பட்டங்களில் மற்றவை என்ன ஆயின என்று கேட்பீர்கள். 'மர்ஸ்பான்' என்பதிலிருந்த 'மர்ஸ்', 1995 முதல் ஆர்மீனியாவின் ஜில்லாக்களுக்குப் பெயராக இருக்கிறது. அதன் அதிபதி 'மர்ஸ்பெத்'. சிலுவைப்போர் காலத்தில் பிரெஞ்சுப் பிரபுக்களிடமிருந்து வாங்கிய 'பரோன்' என்ற பட்டம் பெருமை குறைந்து, 'ஸ்ரீமான்' என்பது போல எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. ஒஸ்திகான் காலத்தில் நாட்டாரின் தலைவனாக இருந்த பிரபுவுக்கு 'இஷ்கான்' என்று பெயர். அதற்கு நேர்ந்ததுதான் விசித்திரம். செவான் ஏரியில் அகப்படும் உயர்ந்த ஜாதி மீனுக்கு அப்பெயரை வைத்துவிட்டார்கள். ஏரிக்கரைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து 'இஷ்கான்' என்று கேட்டால், தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுப்பார்கள்.